பஸ்ஸுக்குள் ஒன்பது பேர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி விடுமுறையில், இலங்கையில் மாத்தளைக்கு வடக்கே இருக்கிற நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆற்றங்கரையில் நடந்தது இது. யாராவது மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அதனால்தான் இப்போது உங்களைப் பிடித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பல வருஷம் கட்டாரில் லொறி ஓட்டியவர். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். எங்கள் மகள் அப்பாவிடம் பேசிப் பழகியதே போனில்தான். ஒரு தடவை லீவில் வந்தவர், இனிப் போவதில்லை, ஊரிலேயே ஏதாவது செய்யப் போகிறேன் என்றார். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஏதாவது என்பது ஒரு பழைய சின்ன பஸ் என்று தெரிந்ததும் சந்தோஷம் பாதியாகிவிட்டது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக மாற்றி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். மாத்தளை டவுனில் அவருடைய கூட்டாளிமார் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீடு இருக்கும்போது எவன் பஸ்ஸில் போய்ப் படுப்பான் என்று கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் அவர் முகத்துக்கு நேரே சிரிக்க மனசு வரவில்லை.

வேலை தொடங்கியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எதை எங்கே வைப்பது என்று தினமும் சண்டை. அவர் ஒரு பெரிய அலுமாரி செய்து நிறுத்தப் பார்த்தார். நான் அதை வேண்டாம் என்று சொல்லி, கட்டிலுக்கு அடியில் இழுப்புப் பெட்டிகள் போட வைத்தேன். சுவரெல்லாம் கொக்கி அடிக்கச் சொன்னேன். ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் கூரையில் நீளமாக இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. அவற்றை வெட்டி எறியப் போனார், விடவில்லை. எதற்கு என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். எதையும் வெட்டி எறிய எனக்கு மனசு வராது.

கொழும்பில் சுற்றுலா ஆட்களை அனுப்பி வைக்கிற ஒருவரைப் பிடித்தார். அவர் வந்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு சோடியை அனுப்புகிறேன், அவர்கள் நல்ல மாதிரி சொன்னால் தொடர்ந்து அனுப்புகிறேன், இல்லையென்றால் என்னைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதே கிழமையில் கட்டாரிலிருந்து பழைய முதலாளியின் போன் வந்தது. புது வருஷத்துக்கு வருவாயா, இல்லை வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தவணை கேட்டுக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்: இந்த முதல் பயணம் சரியாக வந்தால் நான் இங்கே, வராவிட்டால் பிளேன் ஏற வேண்டியதுதான். ஆகவே வரப்போகிற அந்த இரண்டு பேருடைய வாய்ச்சொல்லில்தான் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெகுகாலமாகக் கனடாவில் இருக்கிறவர்கள். அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. நல்ல மனிதர்கள். ஆனால் இந்த மாதிரி வண்டியில் ஊர் சுற்றுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கோடைக்குக் கோடை அங்கே ஒரு வண்டி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்களாம். கடைசியாகப் போனது ஒரு பெரிய ஆற்றங்கரைப் பூங்காவுக்கு. அந்தக் காலத்தில் மிருகத் தோல் வியாபாரம் செய்தவர்கள் மரத்தால் கட்டிய கோட்டை ஒன்று அங்கே இருக்கிறதாம். ஒவ்வொரு வண்டிக்கும் தனி இடம், தனித் தண்ணீர்க் குழாய், தனிக் கரண்ட். கரடி வரும் என்பதால் சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா 'அங்க' என்று பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் எங்கள் பஸ் எனக்கு இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

நாங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. நாலந்தா கெடிகேக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நம்முடைய கோயிலைப் போலவே கருங்கல்லில் கட்டிய பழைய பௌத்த விகாரை, சுற்றிலும் குளத்துத் தண்ணீர். ஐயா கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார், நிறையப் படம் எடுத்தார். என் வீட்டுக்காரர் ஏதோ தானே கல் சுமந்து கட்டியது போல ஒவ்வொரு மூலையையும் காட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் பஸ்ஸை ஆற்றங்கரையில் ஒரு தென்னங்காணியின் மேட்டில் நிறுத்தினோம். காணிக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். விருந்தாளிகள் பஸ்ஸில், நாங்கள் இருவரும் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில். மகளை மாத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அன்றைக்குத்தான் அந்த அம்மா எனக்கு ஊர் எது என்று கேட்டார். மாத்தளை என்றேன். அதுக்கு முந்தி என்றார். இரத்தோட்டைப் பக்கம் என்றேன். அதோடு நிறுத்தி, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். நான் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயம் என்றால், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதைச் சொன்னதும் சிலருக்குக் குரல் மாறும். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'நீ' என்பார்கள். எனக்கு அது புதிதில்லை. வேறு நாளாக இருந்தால் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். இந்தப் பயணத்தில் எதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். குறை சொல்லவில்லை என்று தொடங்கி, சரியான நெருக்கம், கனடாவில் இதைவிட இரண்டு மடங்கு இருக்கும் என்று முடித்தார். என் வீட்டுக்காரர் ஆற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் கல்லெறிந்துகொண்டிருந்தார். எனக்கு விமான நிலையமே கண்ணுக்குள் வந்துவிட்டது.

மத்தியானம் மழை பிடித்தது. மார்கழி மழைதானே, விட்டுவிடும் என்று பார்த்தால், அது விடுகிற மழையாக இல்லை. ஆறு செம்மண் நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. காணியிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற பாதையில் போக்கு என்று சொல்கிற சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது, அதற்கு அடியால் ஓடை போகும். குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், ஓடை போக்குக்கு மேலால் போகிறது, தண்ணீர் வடிகிற வரைக்கும் ஒரு வண்டியும் அசைய முடியாது என்றார். பஸ் மேட்டில் இருந்ததால் எங்களுக்குப் பயமில்லை. எங்கள் கூடாரம்தான் நனைந்து படுத்துவிட்டது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தப் பையன் ஓடி வந்தான். பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், விடுமுறைக்கு த்ரீவீலில், அதாவது ஆட்டோவில், வந்து பள்ளத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் அவனுடைய உம்மா, சின்ன மகளைக் கையில் பிடித்தபடி. மனைவி ஒரு கைக்குழந்தையை மழைக்கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் பஸ்ஸோடு சேர்த்து நாங்கள் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே ஒதுங்கினார்கள், ஆனால் காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்தது.

"அக்கா, புள்ளக்கும் உம்மாக்கும் மட்டும் ஒதுங்க எடம் தாங்க. நாங்க த்ரீவீல்ல ஈக்கிறோம்," என்றான். போன மாதம்தான் குழந்தையை நெஞ்சுச் சளிக்காக ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்தார்களாம். அதைச் சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். இன்றைக்கு அந்த பஸ் விருந்தாளிகளுடையது, நம்முடைய வீடு மாதிரி நினைத்து ஆளை ஏற்ற முடியாது, ஏற்கனவே நெருக்கம் என்று காலையில் சொல்லியாகிவிட்டது என்றார். காணிக்காரருடைய தேங்காய்க் கொட்டிலில் வைக்கலாம் என்றார். அந்தக் கொட்டில் ஒழுகுவது அவருக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் பிளேன் நின்றது, எனக்கும் நின்றது. ஆனால் நான் மழைக்கோட்டுக்கு வெளியே தொங்கிய அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்திருந்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

பஸ்ஸுக்குள் ஏறி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. சுற்றிலும் பார்த்தார். கட்டிலில் விரித்த பெட்டிகள், மேசை நிறையச் சாமான், கம்பியில் துவாய்கள்.

"இதுக்குள்ள எங்க பிள்ளை இடம்?" என்றார்.

"நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்கம்மா. எடம் நான் பண்றேன்."

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பச்சைப் பிள்ளையை முதலில் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கோ என்றார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. கை தானாக ஓடியது. முதல் வேலை, தரையில் இருக்கிற எல்லாம் மேலே போக வேண்டும். பெட்டி, பை, சட்டி, செருப்பு, எல்லாவற்றையும் கொக்கிகளிலும் கூரைக் கம்பிகளிலும் கட்டித் தொங்கவிட்டேன். நனைந்தது எதுவும் படியைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவராகப் படியில் நிறுத்தித் தலை துவட்டி, உலர்ந்த துணி கொடுத்துத்தான் உள்ளே விட்டேன். ஐயாவின் குளிர்ச்சட்டைக்குள் அந்தச் சின்ன மகள் முழுசாகக் காணாமல் போனாள். பஸ்ஸின் குறுக்கே என் சேலை ஒன்றை இழுத்துக் கட்டினேன். பின்பக்கம் பெண்களுக்கு, முன்பக்கம் ஆண்களுக்கு. உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண் சேலைத் திரையைக் கண்டதும்தான் மூச்சு விட்டாள். திரைக்குப் பின்னால் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

அடுத்து, இன்னொரு சேலையை எடுத்து அந்தக் கம்பியில் தொட்டில் கட்டினேன். வெட்ட விடாமல் வைத்த கம்பி எதற்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தொட்டிலில் போட்டால் குழந்தைக்குத் தரை இடமும் தேவையில்லை, ஈரமும் படாது, அடுப்புச் சூடும் கிடைக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். முதலில் எல்லோருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ. பிறகு தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும். பிள்ளைகளும் வயசானவர்களும் முதல் பந்தி, மற்றவர்கள் இரண்டாவது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழும்பலாம், எழும்புகிறவர் சொல்லிவிட்டு எழும்ப வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஐயா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தி அனுமதி கேட்டார். சின்ன மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

உம்மா தொழ வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒடுங்கி ஒரு ஆள் இடம் விட்டோம். எந்தப் பக்கம் மேற்கு என்று தெரியவில்லை. கனடாக் காட்டில் வழி தவறாமல் இருக்க வாங்கி வைத்திருந்த திசைகாட்டியை ஐயா எடுத்துப் பார்த்துச் சொன்னார். உம்மா தொழுது முடிக்கும்வரை பஸ்ஸுக்குள் மழைச் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்க்கிறேன், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். தன்னுடைய கம்பளியை மடித்துத் தொட்டிலுக்குள் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

படுக்கிற ஒழுங்கையும் நானே சொன்னேன். ஒருவர் தலை இருக்கிற பக்கம் அடுத்தவர் கால். அப்படிப் படுத்தால் தோள் இடிக்காது, இரண்டு பேர் இடத்தில் மூன்று பேர் கிடக்கலாம். அடிக்கடி எழும்புகிற வயசானவர்கள் கதவுப் பக்கம். ஒன்பது பேர் படுத்தோம், ஒருவர் மேல் ஒருவர் மிதிபடாமல். நன்றாகவே தூங்கினோம்.

விடியும்போது மழை விட்டிருந்தது. குழந்தை தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு விளையாடியது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, கால் சூடாக இருந்தது. உம்மா என் இரண்டு கையையும் பிடித்து, "அல்லாஹ் ஒங்கட வீட்ட நெறச்சி வெக்கட்டும்," என்றார். போக்கில் தண்ணீர் வடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள்.

நான் சேலைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இதெல்லாம் எங்க பழகினனீங்கள்? ஏதும் கோர்ஸ் செய்தனீங்களோ?"

என் வீட்டுக்காரர் டயரைப் பார்க்கிற சாட்டில் குனிந்திருந்தார். அப்படியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அவர் கண் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றுதான் சொன்னது.

"லயத்துலங்க," என்றேன். "நான் தோட்டத்துப் புள்ள. ஒரு காம்பரா தான் எங்களுக்கு. எங்கம்மா அதுக்குள்ள எட்டுப் பேர வளத்தாங்க. கல்யாணம் காட்சின்னா இன்னும் ஏழு எட்டுப் பேரு வந்து படுப்பாங்க. ஒருத்தரையும் எடம் இல்லன்னு அனுப்புனது கெடயாது."

சொல்லி முடித்ததும் எனக்கு இன்னும் சத்தமாகச் சொல்லலாம் போல இருந்தது.

அவர் எழும்பி வந்து சேலையின் மறு நுனியைப் பிடித்து என்னோடு சேர்ந்து மடித்தார். பிறகு, "நாங்கள் கனடாவுக்குப் போன புதுசில ஒரு நிலக்கீழ் வீட்டுக்குள்ள பத்துப் பேர் இருந்தனாங்கள். ஒவ்வொரு நாளும் சண்டை. இடம் காணாதெண்டுதான் சண்டை பிடிச்சம். எங்கள் ஒருத்தருக்கும் சேர்ந்து இருக்கத் தெரியேல்லை, பிள்ளை," என்றார். அவருடைய குரல் மாறத்தான் செய்தது. ஆனால் நான் பழகிய மாற்றம் இல்லை.

நான் லயத்தைப் புகழ வரவில்லை. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். நாலு தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காம்பராதான் என்று வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் அந்த ஒரு காம்பராவுக்குள் மானம் மரியாதையோடு வாழ வழி கண்டுபிடித்தது எங்கள் ஆட்கள். அது எங்களுடைய கெட்டித்தனம். அதை ஏன் நான் ஒளித்து வைத்தேன் என்று அந்தப் படியில் நின்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

விருந்தாளிகள் சந்தோஷமாகத்தான் விடைபெற்றார்கள். ஆனால் கொழும்புக்காரரிடம் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. நெருக்கம் என்று சொன்ன வாய்தானே. அவரிடமிருந்து ஒரு கிழமையாகப் போன் இல்லை. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். மகள் அதைப் பார்த்துவிட்டு அவரோடு பேசாமல் திரிந்தாள்.

போன் வந்தபோது நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கையெல்லாம் சோறு என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு பேருக்கு என்று அனுப்பிய வண்டியில் ஒன்பது பேரை ஏற்றினீர்களாமே என்றுதான் கொழும்புக்காரர் ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வாயில் வைத்த சோற்றை விழுங்கவில்லை. கொழும்புக்காரர் மேலே பேசினார். அந்த அம்மா தன்னுடைய தங்கச்சி, தம்பி குடும்பம் என்று ஆறு பேருக்குச் சித்திரையில் அதே பஸ்ஸைக் கேட்கிறாராம். அது இரண்டு பேருக்கே நெருக்கமான பஸ், ஆறு பேருக்கு இடம் பத்தாது என்று கொழும்புக்காரர் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பிள்ளை வந்தா இடம் காணும்னு சொல்றாங்க. யாரு அந்தப் பிள்ளை?"

என் வீட்டுக்காரர் சோற்றை விழுங்கினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டி," என்றார்.

ஊரில் எத்தனையோ பேர் கணவன்மாரிடமிருந்து நகை வாங்கியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்துக்கு நான் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். மகள் கை கழுவப் போகிற சாட்டில் எழும்பிப் போய், பாஸ்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். அன்றைக்குப் பின்னேரமே கட்டாருக்கு அவர் போன் போட்டு, வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டார்.

இப்போது வருகிற விருந்தாளிகள் ஊர் எது என்று கேட்டால், தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இடம் பத்தாமல் வளர்ந்தவள் என்றுதான் அதுவரை என்னை நான் நினைத்திருந்தேன். யார் வந்தாலும் இடம் பண்ணத் தெரிந்தவளாக என் அம்மா என்னை வளர்த்திருக்கிறார் என்பது, அன்றைக்கு அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.